கொங்குநாட்டு நெடுவழியும் தாவளமும்

ஆளுடைய பிள்ளையார் திருப்பாச்சிலாச்சிராமத்திற் கொல்லிமழவன் மகளைப் பற்றியிருந்த முயலகன் என்னும் நோயை நீக்கியருளிய பின்னர், திருப்பைஞ்ஞீலியும் திருவீங்கோய்மலையும் பணிந்து, கொங்குநாட்டின் மேல்பாற் சென்று கொடிமாடச்செங்குன்றூரை அடைந்தார் என்பது திருத்தொண்டர் புராணத்துட் கண்ட வரலாறு. கொடிமாடச்செங்குன்றூர் இந்நாளில் நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்த திருச்செங்கோடு ஆகும். திருவீங்கோய்மலை காவிரியின் வடகரையில் முசிறிக்கு அணித்தாக நிற்பது. இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு நேர்கோட்டளவிலேயே ஏறத்தாழ 45 மைல். வடக்கே கொல்லிமலைத் தொடர், தெற்கே காவிரி, இடையே கற்குன்றுகள் ஆங்காங்கு எழுந்து நிற்கும் புன்செய்ச் சமவெளி. இவ்வெளியை எத்துணை நாளிற் கடந்தனர், இரவில் எவ்வெவ்வூர்களில் தங்கினர் என்பவற்றைச் சேக்கிழார் பெருமான் விரித்தாரிலர். ஆயினும் தங்கலின்றி நெடுவழி நடத்தல் யார்க்கும் இயலாது. தலங்களின் பெயரை நிரல்படக் கற்று, அவற்றின் இடையே கழிந்த இரவுகளை மறந்துவிடுதல் யாத்திரை வரலாறு கற்பார் பலர்க்கும் வழக்கமாய்விட்டது. கொங்குநாட்டு யாத்திரையிலோ அவ்விரவுகளே வரலாற்றின் உயிர்நிலையாய் நிற்கின்றன.

பிள்ளையார் முத்துச்சிவிகைமேல் எழுந்தருளினார். உடன் வந்த திருக்கூட்டமோ காலால் நடந்தே வந்தது. சிவிகை தாங்குவார், திருச்சின்னம் ஊதுவார், அமுது சமைப்பார், முதியோர், இளையோர் எனப் பலரும் அதிற் கலந்திருந்தனர். அத்துணை பேர்க்கும் மாலைதோறும் நிழலும் நீரும் படுக்குமிடமும் வேண்டும். மழவர் கொல்லிமலையையும் அதன் சாரலையும் ஆண்ட குடியினர். தம் தலைவன் மகளை உயிர்ப்பித்துத் தந்த பெருமானுக்கு அந்நிலத்தார் ஊர்தோறும் இடங்கொடுத்து எதிர்கொண்டிருப்பர் எனக் கோடல் மிகையாகாது. இராசிபுரத்தையும் நாமக்கல்லையும் சூழ்ந்த இன்றைய ஊர்கள் அம்மலையின் அடியிலேயே உள்ளன.

செங்குன்றூரைப் பணிந்தபின் பிள்ளையார் மேற்கே திருநணாவுக்கு எழுந்தருளினார். அது பவானியாறும் காவிரியும் கூடும் துறை. செங்குன்றூரினின்று ஏறத்தாழ 15 மைல். காவிரியைக் கடந்தே அடைதல் வேண்டும். அங்கு வழிபட்டு மீண்டும் செங்குன்றூருக்கே வந்து தங்கினார். முன்னே பணிந்த தலத்திற்கே திரும்பி வந்து நெடுநாள் தங்குதல் அவர்தம் யாத்திரையுட் பல இடங்களிற் காணப்படாதது. பனிப்பருவம் வந்தது. குளிர்சுரம் பரிசனங்களைப் பற்றியது. அவர்கள் வந்து விண்ணப்பிக்க, இஃது இந்நிலத்தின் இயல்பே ஆயினும் அடியவரை அடையத்தக்கதன்று எனத் திருவுள்ளங்கொண்டு, முதல் திருமுறையின் 116ஆம் பதிகமாகிய திருநீலகண்டத் திருப்பதிகத்தைப் பாடியருளினார். அடியார்க்கு மட்டுமன்றி அந்நாடு முழுமைக்குமே அந்நோய் நீங்கிற்று என்று சேக்கிழார் முடிக்கின்றார்.

இச்சுரத்தை வினைக்கு ஓர் உருவகமாகக் கொண்டு, மெய்யாக நோய் ஒன்று வந்ததென்பதைச் சிலர் நெகிழவிடுவர். அது பொருந்தாது. நிலத்தின் இயல்பு எனப் புராணம் ஓதுதலின், அந்நிலத்திற்குரிய நோய் ஒன்றையே ஆசிரியர் கருதினார் என்பது தெளிவு. மழை ஓய்ந்து தேங்கிய நீரும் மலைச்சாரற் குளிரும் கூடுங் காலத்தே நடுக்கலொடு வரும் சுரம் இப்பகுதிகட்குப் புதிதன்று. கொல்லிமலைச் சாரற் காய்ச்சல் அண்மைக்காலம் வரை வழிச்செல்வாரை அச்சுறுத்தியது. 1809 முதல் 1811 வரை கோயமுத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிற் பெருஞ்சுரம் பரவி எண்ணற்றோரை மாய்த்தது. மலேரியாச் சுரத்தின் வித்து கொசுவின் வயிற்றில் வளர்தலை ரொனால்டு ராசு என்னும் மருத்துவர் 1897இல் செகந்திராபாத்திற் கண்டார். அக்கொசு கடிப்பது பெரும்பாலும் இரவில். ஆகவே பகலெல்லாம் நடந்து இரவில் திறந்த வெளியிற் கண்வளரும் யாத்திரிகரையே இத்தகைய சுரம் முதலிற் பற்றும். செங்குன்றூர்ச் சுரம் இவ்வகையதாயின், நோய் நடையில் வந்ததன்று, தங்கலில் வந்தது. காரணம் இன்னது என்று இக்காலத்தார் காட்டினமையாற் பதிகத்தின் பெருமை குறைவதும் இல்லை. பிள்ளையார் நிலவியல்பை மறுத்தாரல்லர், அவ்வியல்பு அடியாரைத் தொடாது என்று இறைவன் திருநீலகண்டத்தின்மேல் ஆணை வைத்தார்.

இனி அப்பதிகத்துள் நெடுவழி நடப்பார்க்கு இன்றியமையாத பொருளொன்று உள்ளது. அது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. இரண்டாந் திருப்பாட்டில் அடியார் செயல்களாகச் சோலை வைத்தலையும் குளம் பல அகழ்தலையும் எடுத்தோதி, அவற்றோடு இருபொழுதும் மலர் பறித்து வழிபடுதலையும் சேர்த்து வைத்தருளினார். சுரத்தால் நடுங்கும் வழிநடையாளர் நடுவே இருந்து பாடும்போது, காவும் குளமும் திருவாக்கில் ஏன் முன்வந்தன? சரியைத் தொண்டிற்குப் பொதுவான உதாரணம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆயினும் நடந்து களைத்தார்க்கு நிழல் தருவது கா. நீர் தருவது குளம். இவ்விரண்டும் உள்ள இடமே அந்நாளில் இராத்தங்கும் இடம். இதற்குத் திருத்தொண்டர் புராணமே சான்று பகர்கின்றது. திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் நாவரசர் பசியாலும் நீர்வேட்கையாலும் வருந்தி நடந்தபோது, சிவபெருமான் அவ்வழியிடையே ஒரு சோலையையும் குளத்தையும் உண்டாக்கி, அந்தணராய் அமர்ந்து பொதிசோறு அளித்தார் என்று சேக்கிழார் கூறுவர். சிவபெருமான் தாமே வழியறம் செய்தபொழுது செய்தனவும் காவும் குளமுமே. பிள்ளையார் கொங்கிற்கு எழுந்தருளும்போது பணிந்து சென்ற தலமும் அத்திருப்பைஞ்ஞீலியே என்பது ஈண்டு நினைத்தற்குரியது.

திங்களூர் அப்பூதியடிகள் நாவரசரைக் காணா முன்னரே அவர் திருப்பெயரால் தண்ணீர்ப்பந்தலும் சாலையும் குளமும் அமைத்தமை யாவரும் அறிந்தது. அப்பந்தலிற் பெயர் எழுதியிருக்கக் கண்டன்றோ அரசர் அவர் இல்லம் நாடிச் சென்றார்! அடியார் இருவரைக் கூட்டுவித்தது வழிப்போக்கர்க்கு வைத்த ஒரு தண்ணீர்ப்பந்தல். கொங்குநாட்டில் இன்றும் தண்ணீர்ப்பந்தல் என்பதே பல சிற்றூர்கட்குப் பெயராய் வழங்குகின்றது. பந்தல் அழிந்தது, வைத்தவர் பெயரும் அழிந்தது, ஊர்ப்பெயர் நின்றது.

புராணச் சான்று இவ்வாறாக, கல்லிற் பொறித்த சான்றும் இச்சமவெளியில் உண்டு. 1965 வரை சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்த தருமபுரிப் பகுதியில், அதியமான் பெருவழி எனப் பெயர் குறித்த 13ஆம் நூற்றாண்டுக் கற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று நாவல் தாவளத்திற்கு 29 காதம் என்றும், மற்றொன்று 27 காதம் என்றும் தொலைவு அறிவிக்கின்றன. எழுத்தோடு குழிகளும் குடையப்பட்டுள்ளன. பெருங்குழி பத்தையும் சிறுகுழி ஒன்றையும் குறிக்கும். இரண்டு பெருங்குழியும் ஒன்பது சிறுகுழியும் காண்போன் எழுத்தறியாதவனாயினும் 29 என எண்ணிக்கொள்வான். இரவிற் கையால் தடவியும் அறியலாம். கல்லை நாட்டியவர் கற்றோர்க்கு மாத்திரம் நாட்டினாரல்லர் என்பதை எண்ணுந்தோறும் உள்ளம் உவப்பெய்துகின்றது.

ஈண்டுத் தாவளம் என்னுஞ் சொல் ஆராய்தற்குரியது. தாவளம் என்பது தங்குமிடம். வணிகர் பொதிகளை இறக்கிக் களைப்பாறும் ஊர்க்கு அப்பெயர் வழங்கியது. வழியின் எல்லையாக அரசன் கோட்டையையோ நகரத்தையோ சுட்டாமல் தாவளத்தைச் சுட்டியது அக்கல். நடப்பவன் மனத்தில் எப்போதும் நிற்கும் வினா, இன்னும் எத்துணைத் தொலைவிற் படுக்கலாம் என்பதன்றோ? கல் அவ்வினாவுக்கு விடை கூறிற்று.

சேலம் மாவட்டத்தின் கீழ்பால் ஆறகழூரிலும் இத்தகைய கல் ஒன்று உண்டு. மகதை நாட்டை ஆண்ட வாணகோவரையன் மகதேசன் பெயரால் மகதேசன் பெருவழி எனச் சுட்டி, காஞ்சிபுரத்திற்கு 16 காதம் என்று அது அறிவிக்கின்றது. 16 குழிகளும் அதில் உள்ளன. காதம் என்பது ஏழரை நாழிகை வழி என்பது பழைய வாய்பாடு. அதனைப் பத்து மைலாகக் கணக்கிடுதல் பிற்கால வழக்கு. அக்கணக்குப்படி ஆறகழூரும் காஞ்சியும் 160 மைல் சேய்மையவாதல் வேண்டும். உண்மையில் நேர்கோட்டளவில் 107 மைலுக்கு மேற்படாது. வளைவும் சுற்றும் கூட்டினும் 120, 125 மைலளவில் அமையும். எனவே கல் கூறும் காதம் ஏழரை மைலளவினதே. நாழிகை 24 நிமிஷம் ஆதலின் ஏழரை நாழிகை மூன்று மணிப்போது. மூன்று மணிப்போதில் ஏழரை மைல் நடத்தல், தோளிற் சுமையுடைய ஒருவனுக்குப் பொருந்திய நடை. பத்து மைல் என்பதோ ஓட்டமாய்விடும். கல் நாட்டினோர் காலால் நடந்தே அளந்தனர் என்பது இதனாற் பெறப்படும். காலையில் ஒரு காதமும் வெயில் தாழ்ந்தபின் ஒரு காதமுமாக நடப்பவனுக்கு ஆறகழூரினின்று காஞ்சிக்கு எட்டு நாள். எட்டு நாளெனின் இடையே ஏழு இரவு. ஏகாம்பரநாதரைக் காண விழைந்து மகதை நாட்டினின்று புறப்பட்ட அடியான் ஒருவன் இக்கல்லைக் கண்டபொழுது, இடைவழியில் ஏழிடத்துத் தலைசாய்க்க வேண்டும் என்று கணக்கிட்டிருப்பான்.

அவ்வேழிடங்களைத் தந்தவர் யாவர்? அரசர் வழியமைத்தனர், காவல் வைத்தனர், சுங்கமும் கொண்டனர். நிழல் மரம் வைத்தவரும் சத்திரம் கட்டியவரும் மடத்தில் அடியார்க்கு அமுது படைக்க நிலம் விட்டவரும் பெரும்பாலும் ஊரார், வணிகர், உழுகுடியினர். சூலுற்று மாண்ட மகளிர் நினைவாக வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நிறுத்துவது தமிழ்நாடெங்கும் வழக்கு. இருகல் நட்டு மேலே ஒருகல் கிடத்திய அதன்மேற் சுமையை வைத்துப் பிறர் உதவியின்றி மீளத் தலையில் ஏற்றலாம். இறக்கிவைக்க இயலாத சுமையோடு போன உயிர்க்கு, பிறர் சுமையை இறக்கும் கல்லே நினைவுச் சின்னமாயிற்று. இவ்வறங்களைச் செய்தோர் பெயர் கல்லில் அரிதாகவே உள்ளது. கோபுரம் எடுத்தவனை எழுதும் வரலாறு, கோபுரத்தை நோக்கி நடந்தவனுக்குத் திண்ணை ஒழித்துக் கொடுத்தவளை எழுதுவதில்லை. பிற நாட்டார் இதிற் கருத்துடையராய் இருக்கின்றனர். ஸ்பெயின் தேசத்துச் சாந்தியாகோவை நோக்கி நடப்பார்க்கு வழிநெடுகத் தங்குமிடங்கள் இந்நாளிலும் பேணப்படுகின்றன. யப்பான் தேசத்துச் சிகோகுத் தீவின் 88 தலங்களைச் சுற்றி நடப்பார்க்கு ஊரார் உணவும் பொருளும் அளித்தலைப் புண்ணியமாகவே கருதுகின்றனர்.

கொங்குநாட்டு நெடுவழிக்கு மாறுதல் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1862இல் சென்னையினின்று சேலம், ஈரோடு வழியாக மேல்கடற்கரை வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. எட்டு நாளிற் சென்ற தொலைவு ஒருபகலில் அடங்கிற்று. இரவு குறைந்தது, இரவுக்கென அமைந்த சத்திரங்கட்கு வேலை குறைந்தது. பின்னர்ப் பேருந்து வந்தது. திண்ணைகள் இடிந்தன, குளங்கள் தூர்ந்தன. 1934இல் மேட்டூர் அணை நிறைவெய்தியபின், மைசூர்ச் சீமையினின்று கொங்கிற்கு இறங்கும் காவிரிபுரத்துப் பழவழியின் ஒரு பகுதி நீருள் மூழ்கிற்று. அணையில் நீர் வற்றுங் கோடையில் பண்ணவாடியில் மூழ்கிய சிவாலயத்து நந்தி நீர்மேல் தோன்றுவதை இன்றும் காணலாம். அவ்வாலயத்து முன்றிலில் எத்துணை வழிநடையாளர் துயின்றெழுந்தனரோ!

இத்துணை மாறுதலுக்கும் பின்னர் நடையும் தங்கலும் முழுதும் அற்றுவிடவில்லை என்பதற்குச் சேலம் மாவட்டத்து எடப்பாடியார் காவடி தக்க சான்று. தைப்பூசத்திற்குச் செட்டிநாட்டு நகரத்தார் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடத்தலும், பங்குனி உத்தரத்திற்குக் கொடுமுடியிற் காவிரி நீர் முகந்து கொங்கர் தீர்த்தக்காவடி எடுத்தலும் பலரும் அறிந்தவை. எடப்பாடியைச் சார்ந்த பருவதராசகுலத்தார் தைப்பூசக் கூட்டம் கலைந்தபின்னரே பழனி சேர்கின்றனர். 350 ஆண்டுகட்கு மேற்பட்ட வழக்கு என்பது அவர்தம் மரபுரை. எடப்பாடிக்கும் பழனிக்கும் நேர்கோட்டளவிலேயே ஏறத்தாழ 80 மைல். காவிரி, நொய்யல், ஆன்பொருநை ஆகிய மூன்றாற்றையும் கடந்து, மானூரிற் சண்முகநதியில் நீராடி மலையேறுவர். ஆடவர், மகளிர், குழவிகள், முதியோர் எனப் பல்லாயிரவர் ஒருங்கு செல்வர். சுமைகளை ஏற்றிய வண்டிகள் உடன் செல்லும். பிள்ளையாருடன் வந்த பரிசனங்களை வருத்திய அப்பனிப்பருவத்திலேயே இவர்களும் வெளியிற் படுத்து எழுகின்றனர். நெடுஞ்சாலைகளிற் பாரவண்டிகள் இரவும் பகலும் விரைந்து செல்லும் இக்காலத்தில், நடப்பவனுக்கு மரநிழலும் அரிது. அச்சமின்றிக் கண்மூடும் இடம் அதனினும் அரிது. பழைய தாவளங்களின் அருமை இப்போது நடந்து பார்ப்பவர்க்கே விளங்கும்.

இவர்கட்குப் பழனியில் உரிய சிறப்பு ஒன்றுண்டு. அம்மலையில் இராக்காலப் பூசை முடிந்து திருக்காப்பிட்ட பின்னர் வழிபட வந்தோர் எவரும் தங்குதல் கூடாது. யாவரும் இறங்கிவிடல் வேண்டும். எடப்பாடியார் மட்டும் ஆண்டிற்கு ஓரிரவு மலைமேல் தங்கும் உரிமையுடையர். பொன்னோ பட்டோ முதல் மரியாதையோ அன்று. ஓரிரவு படுத்திருக்கும் உரிமை. நெடுவழி நடந்தார்க்கு இதனினும் பொருத்தமான சிறப்பை எவர் எண்ணிக் கண்டனரோ அறியோம், கண்டவர் நடையின் அருமை தெரிந்தவர். பருவதராசன் மரபினர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோர்க்கு உமையம்மை தம் குலத்து மகள். முருகப்பெருமான் மகள்வயிற்றுப் பேரன். பேரன் வீட்டிற்கு நடந்து வந்த தாய்வழிப் பாட்டனார் குடியினரை அன்றிரவே திருப்பி அனுப்புதல் கொங்குநாட்டு வழக்கன்று.

அவர்கள் மலைமேற் கோயிலை மலரால் அணிசெய்து, வாழைப்பழமும் சர்க்கரையும் பேரீச்சையும் கற்கண்டும் நெய்யும் தேனும் கலந்து பஞ்சாமிர்தம் ஆக்குவர். அதன் அளவு பல டன் ஆகும். நிவேதனமானபின் அதைப் பங்கிட்டு ஊருக்கு எடுத்துச் சென்று, நடக்கவியலாது வீட்டில் இருந்த முதியோர்க்கும் பிணியாளர்க்கும் கொடுப்பர்.